முட்டை அட்டையில் ஒரு மரபணு

கோமதி இறந்துவிட்டார் என்று கைப்பேசியில் செய்தி வந்தபோது நாமக்கல் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். மாரடைப்பாம். என்னைவிட இளையவர்; முந்தின நாள் மாலைகூட என்னோடு சண்டை போட்டவர். பேருந்தில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அந்தப் பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் பி.எட். கல்லூரியில் அவர் உயிரியல், நான் கணிதம். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், உட்கார்ந்து பேசவே மாட்டார். நாளை பள்ளிக்கூடங்களில் உயிரியல் நடத்தப்போகிறவர்களுக்கு உயிர்தகவலியல் தெரியவேண்டும் என்று முதல்வர் அறைக்கு நடையாய் நடந்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை வாங்கினார். மரபணுக்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம். முதல் வகுப்பிலேயே மின்சாரம் போய்விட்டது.

மறுவாரம், கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாணவி வீட்டிலிருந்து முட்டை அட்டைகள் வந்து இறங்கின. குழிகளில், மரபணுவின் நான்கு எழுத்துகளுக்கு நான்கு நிற பாட்டில் மூடிகள். ஓர் அட்டை மனிதனுடைய மரபணு, இன்னொன்று கோழியுடையது. எத்தனை குழிகளில் நிறம் பொருந்துகிறது என்று பார்க்கவேண்டும். பொருத்தங்களை எண்ணி மதிப்பெண் போட என்னையும் இழுத்துவந்து நிறுத்தினார். பாதிக்கு மேல் பொருந்தியதும் அந்த மாணவி மிரண்டுவிட்டார்.

"அப்ப கோழி நமக்குச் சொந்தமாங்க மேடம்?"

"ஆமா சாமி, தூரத்துப் பங்காளி."

"எங்க ஊட்ல சொல்லீராதீங்க. அப்பறம் பண்ணையை மூடிருவாங்க!"

பிறகு மின்சாரம் இருந்த வாரங்களில், கணினியில் வந்த விடையை அப்படியே எழுதித் தந்தவர்களுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு எழுதாதீங்க. ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு எழுதுங்க. நாளைக்கு ஒரு புள்ள எந்திரிச்சு உங்களைக் கேக்குமில்ல?"

அஞ்சலிக் கூட்டம் முடிந்த கையோடு முதல்வர் என்னை அழைத்தார். "அந்தப் பீரியடை எக்ஸாம் கோச்சிங்குக்கு மாத்திரலாங்க. நடத்த ஆளில்லையே?"

படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் எடுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது: எனக்குக் கணக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அட்டைகளைப் பரப்பினேன். அதே பண்ணைவீட்டு மாணவி எழுந்தார்.

"இத்தனை பொருந்துதுன்னா மீதி ஏன் சார் பொருந்தலை?"

கோமதி மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த அட்டைகளையும், அந்த "ஏன்" என்ற கேள்வியையும்தான்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். "மொதக் குழியிலிருந்து பாப்போம், வாங்க."