ஒரு சிட்டிகை காரம்

அவருக்குக் காரசாரம் என்று பெயர் வைத்தவர்கள் பஸ் டிப்போ கண்டக்டர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பஸ் ஓட்டிய காலம் முழுக்க வாயைத் திறந்தால் அனல். குறுக்கே வந்த சைக்கிளுக்கு ஒரு திட்டு, ஏறும்போது படியில் நின்று பேசுகிறவருக்கு ஒரு திட்டு, பச்சை விளக்கு எரியத் தாமதமானால் விளக்குக்கே ஒரு திட்டு. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஓட்டிய வண்டியில் நின்றுகொண்டு வந்தவர்கள்கூடத் தடுமாறி விழுந்ததில்லை. கைக்குழந்தையோடு ஏறுகிறவர்கள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் தலையைப் பார்த்ததும் நிம்மதியாக உட்காருவார்கள். வாய்தான் அப்படி. பிரேக்கை மிதிக்கும் கால் வேறு யாருடையதோ என்று தோன்றும்.

வீட்டில் அவர் அதிகம் சொன்ன சொல் “சீக்கிரம்”. வீட்டம்மா செருப்பு மாட்டுவதற்குள் அவர் தெருமுனைக்குப் போய்விடுவார். அவளோ எதையும் நிதானமாகச் செய்கிறவள். மகள் கல்யாணமாகி வெளியூர் போனதும் வீடு வெறிச்சோடிப் போனதால், கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து ஏஞ்சல் மீன்களை விட்டாள். நூலகத்தில் மீன் வளர்ப்புப் புத்தகங்களாக எடுத்துப் படித்தாள். தண்ணீர் மாற்றுகிற நாளில், உயரே வாளியை வைத்து, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள்.

“நாலு மீனுக்கு என்னம்மா இவ்ளோ சடங்கு? வாளியோட கவுத்துட்டு வா, சீக்கிரம்!” என்பார்.

“சட்டுனு மாத்தினா செத்துப்போயிடும்ங்க. தண்ணி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாக்கூடத் தாங்கிக்கும். திடீர்னு மாறினாத்தான் தாங்காது” என்பாள் அவள், குழாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவர், நடுக்கடலில் இருந்தார். துணைக்கு அம்மா போயே ஆகவேண்டும். வீட்டம்மாவுக்கோ ஒரு கால் வாசலில், ஒரு கால் தொட்டிப் பக்கம்.

“நூறு பேரை ஏத்திக்கிட்டு மழையில ஓட்டினவன் நான். இந்தப் பொடிசுங்களப் பாத்துக்க மாட்டேனா? கிளம்பு, சீக்கிரம்!”

“ஏதாவது ஒண்ணு சோர்ந்து ஒதுங்கினாலும் மறைக்காம சொல்லுங்க. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். வந்துவிட்டால் அங்கே மகள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பாள் என்பதும் தெரியும். ஆக, மீன்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

அதற்கு அவர் கண்ட வழி, தீனி. காலையில் ஒரு கை, மதியம் ஒரு கை, மீன் வாயைத் திறந்து மூடினால் பசி என்று இன்னொரு கை. தின்றது போக மிச்சம் அடியில் கிடந்து மக்கியது. மக்க மக்கத் தண்ணீர் புளிப்பேறியது. அது கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரமா? வீட்டம்மா சொல்லிவிட்டுப் போனபடி, ஒரு குப்பித் தொட்டித் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டிப் பார்த்தபோது, பச்சையாக வரவேண்டிய தண்ணீர் பழுத்த மஞ்சளாக நின்றது. போன் போட்டார்.

“மஞ்சளா? தீனிய அள்ளிப் போட்டிருப்பீங்க. அமிலம் கூடிப்போச்சு. பயப்படாதீங்க. காரம் ஒரு சிட்டிகை தண்ணியில கரைச்சு ஊத்துங்க. சமையல் ரூம் அலமாரியில மேல்தட்டுல இருக்கு, அந்த... ஐயோ, இருங்க, இவளுக்கு வலி வந்துடுச்சு போல!”

போன் கட்டானது.

புளிப்புக் கூடினால் காரம் சேர்க்க வேண்டும். சமையல் தெரியாத அவருக்கே இது நியாயமாகப் பட்டது. மேல்தட்டில் மிளகாய்த்தூள் டப்பா இருந்தது. நெஞ்செரிச்சல் என்று டாக்டர் காரத்தை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவர் கைக்கு எட்டாமல் அவள் ஒளித்து வைத்த டப்பா. ‘எனக்குக் கண்ணுல காட்டறதில்ல, மீனுக்குச் சிட்டிகைக் கணக்கா?’ என்று முணுமுணுத்துக்கொண்டே கரைத்தார். அது கரையவில்லை. அப்படியே ஊற்றினார்.

மீன்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டன. பெரிய வெள்ளை மீன், வீட்டம்மாவின் குரல் கேட்டாலே முன்னால் வந்து நிற்கிற மீன், மேலே வந்து வாயைப் பிளந்தது. அவர் திட்ட வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது? வீட்டில் ஆளில்லை. ஆளில்லாமல் கோபப்பட முடியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டம்மாவுக்குச் சொல்லவும் முடியாது, இந்த நேரத்தில். கைலியோடு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினார்.

“தங்கச்சி, உங்கக்கா சொன்னான்னு தொட்டியில காரம் போட்டேன், மீனெல்லாம் துடிக்குது!”

“எந்தக் காரம்ணே?” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“எந்தக் காரமா? மொளகாத்தூள்தான்!”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அண்ணே, அது நாக்குக் காரம். அக்கா சொன்னது அமிலத்தை முறிக்கிற காரம். சமையல் சோடா. நெஞ்செரிச்சலுக்கு உங்களுக்கு நான் குடுக்கற மாத்திரையும் காரம்தான்.”

“என்னம்மா சொல்ற? காரமே தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ இத்தன வருஷமா காரமா குடுத்துக்கிட்டிருந்த?”

“உங்க வயித்துக்குள்ள அமிலம் இருக்கணும்ணே, அது அங்க இருந்தாத்தான் சாப்பாடு செரிக்கும். மேல ஏறி வந்தாத்தான் எரியும். ரத்தத்துக்கு அது ஆகாது. புளிப்பை அளக்க pH-னு ஒரு எண் இருக்கு, ரத்தத்துல அது ஏழு புள்ளி நாலு கிட்டயே நிக்கணும், துளி தள்ளிப்போனாலும் ஆளுக்கு ஆபத்து. மீனுக்கும் அப்படி ஒரு அளவு இருக்கு. ஒரு எண் குறைஞ்சாலே புளிப்பு பத்து மடங்குன்னு அர்த்தம்.” சோடாப் பொட்டலத்தை நீட்டினாள். “தண்ணிய மொத்தமா மாத்திட்டு இதப் போட்டுடுங்க.”

வீட்டுக்கு வந்து வாளியைத் தூக்கினார். தொட்டி விளிம்பு வரை கொண்டு போனார். அங்கே நின்றார்.

பத்து மடங்கு. இத்தனை நாள் மெல்ல மெல்லப் புளித்த தண்ணீர். அதில் இருந்து பழகிய உயிர்களை ஒரே கவிழ்ப்பில் புதுத் தண்ணீரில் தள்ளுவது என்றால், வண்டி நிறைய ஆள் நிற்கும்போது சடன் பிரேக் போடுவதுதான். முன்னால் நிற்கிறவர் கண்ணாடியில் போய் முட்டுவார். இதை அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாளியைக் கீழே வைத்தார். மேலே மிதந்த மிளகாய்த்தூளை மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அடியில் கிடந்த தீனிக் கசடைக் குழாய் வைத்து இழுத்தார். பிறகு புது வாளித் தண்ணீரில் துளி சோடா கரைத்து, உயரே வைத்து, வீட்டம்மாவின் குழாயில் வீட்டம்மா போடுகிற முடிச்சைப் போட்டார். முதல் முடிச்சு இறுகிப் போய்ச் சொட்டே விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார். சொட்டு. சொட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் போனது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் இப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அவருக்கு என்னவோ போல இருந்தது. பாவம் அவள் என்று தோன்றியது. இல்லை, இதையெல்லாம் ஒரு நாளும் நின்று பார்க்காத தான்தான் பாவம் என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்தபோது மீன்கள் கீழே இறங்கின. வெள்ளை மீன் கடைசியாக இறங்கியது. சோதனைத் தண்ணீர் மஞ்சளிலிருந்து நகர்ந்து இளம்பச்சைக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

“பேத்திங்க!” வீட்டம்மா அழுதாள், சிரித்தாள். “பொறந்ததும் உடனே அழல. மூச்சுத் திணறினதுல ரத்தத்துல அமிலம் ஏறியிருந்துச்சாம். மூச்சு நல்லா வந்ததும் தானா எறங்கிடுச்சு. இப்போ நல்லாருக்கா.”

“மெதுவாத்தானே எறங்குச்சு? சட்டுனு எதையும் குடுத்துடலையே?”

“உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம்...” அவள் குரல் மாறியது. “மீனுக்கு என்ன ஆச்சு?”

மறைக்கலாம். எல்லா மீனும் உயிரோடுதான் இருந்தது. ஆனால் மறைக்காமல் சொல்லச் சொன்னவள் அவள். மிளகாய்த்தூளில் தொடங்கி முடிச்சு வரை சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில், மகள் என்னவென்று கேட்பதும் கேட்டது.

சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குக் கவலை வந்தது. “நாளைக்குக் காலையிலயே கிளம்பி வந்துடட்டுமா?”

தொட்டியைப் பார்த்தார். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“வேணாம்மா. புள்ளையப் பாத்துக்க. இங்க நான் பாத்துக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா.”

“ஹலோ,” என்றாள் வீட்டம்மா. “யாருங்க பேசறது?”