ஏரிக்குள் நின்ற ஊர்

மக்களிடம் கருத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு, சிரிக்காதீர்கள். கையில் அட்டையோடு கதவைத் தட்டி, "ஊட்டுல ஆருமில்லீங்க" என்று ஊட்டுக்காரர் வாயாலேயே கேட்டுத் திரும்பிய என் இனத்தாருக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

நகரத் திட்டமிடல் ஆராய்ச்சிக் குழுவில் நான் கள உதவியாளர். ஏற்காட்டில் ஞாயிறு வந்தால் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கார் மேல் கார் ஏறாத குறை. அங்கிருக்கும் பஸ் ஸ்டாப்பைக் கீழே ஏரிக்கரைக்கு மாற்றலாமே என்று ஓர் அதிகாரிக்கு யோசனை. மாற்றினால், வாழவந்தியிலிருந்து பழம் கொண்டுவந்து ஒண்டிக்கடையில் விற்கும் காளியம்மாக்கா மாதிரி ஆட்கள் சுமையோடு மேடு ஏற வேண்டும். அக்காவுக்கோ முட்டிவலி. ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டுவர எங்களை அனுப்பினார்கள்.

கால் வைக்க இடமில்லை

எங்கள் ஆராய்ச்சி மேடம் புதுமை விரும்பி. டவுனை அப்படியே பெரிய ஃப்ளெக்ஸில் அச்சடித்து மண்டபத் தரையில் விரித்துவிட்டார். பஸ் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் ஊர்க்காரர்கள் நிற்க வேண்டும், நாங்கள் மாடியிலிருந்து போட்டோ எடுப்போம். கூட்டம் எங்கேயோ, பஸ் அங்கே. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

வந்தவர்கள் அத்தனை பேரும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றினார்கள். எல்லாம் மேப் வரைந்தவர் செய்த கைங்கரியம்! அழகாக இருக்கட்டும் என்று ஒண்டிக்கடைப் பக்கம் கோபுரம், மினார், சிலுவை என்று ஆளுயரத்துக்குப் படம் போட்டுத் தொலைத்திருந்தார். எவன் மிதிப்பான்? கோபுரத்தைச் சுற்றி, மினாருக்கு ஒதுங்கி, சிலுவையைத் தாண்டாமல், ஊரே கடைசியில் நீலநிற ஏரிக்குள் போய் நெருக்கியடித்து நின்றது. மாடியில் மேடம் குதிக்கிறார், "பாத்தியா, ஏகமனதா ஏரிக்கரை!" போட்டோ அப்போதே அதிகாரிக்குப் பறந்துவிட்டது.

நான் தலைதெறிக்கக் கீழே ஓடினேன். ஏனுங்கக்கா, உங்களுக்கு ஸ்டாப் ஒண்டிக்கடையிலதானே வேணும் என்று கேட்டேன். காளியம்மாக்கா ஏரிக்குள் நின்றபடியே சொன்னார்:

"அங்கதான் கண்ணு வேணும். ஆனா காலு வெக்க எடம் இங்க மட்டுந்தான இருக்குது!"

எல்லை தாண்டிய குப்பை

மேடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்னொரு கூட்டத்துக்கு அனுமதி வாங்கினேன். இந்தத் தடவை மேப் சுவரில். பஸ் ஸ்டாப்புக்குச் சிவப்பு ஸ்டிக்கர், குப்பைத்தொட்டிக்குப் பச்சை. சிவப்பில் பாதி பெண்களின் நெற்றிக்குப் போய்விட்டது. மீதி அத்தனையும் ஒண்டிக்கடையில்தான் ஒட்டப்பட்டது, ஆனால் மேடம் "சாம்பிள் பத்தாதே" என்று உதட்டைப் பிதுக்கினார். என் சந்தோஷம் அதோடு போச்சு.

பச்சையின் கதை வேறு. தொட்டி வேண்டும் என்று அதிகமாகச் சத்தம் போட்டவர் ஒண்டிக்கடை மளிகைக்கடை பாய். தன் கடை வாசலில் மட்டும் ஒட்டவில்லை. பக்கத்துக் கடையில் ஒட்டப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரர் முறைத்தார். நகர்ந்து நகர்ந்து மேப்பின் ஓரத்துக்கே போய்விட்டார். அங்கே நின்று என்னை வருத்தத்தோடு பார்த்தார்:

"ஏனுங்க, மேப்பு இதோட முடிஞ்சு போச்சுங்களா? சேலம் வரைக்கும் போட்டிருக்கலாமுங்க."

வண்டி எண்ணுதல்

அடுத்து ஆரஞ்சு கோட்டு மாட்டி, ஒண்டிக்கடை நடுவில் என்னை வண்டி எண்ண நிறுத்தினார்கள். ஆரஞ்சு கோட்டைக் கண்டால் சுற்றுலாக்காரர் விடுவாரா? ஒவ்வொரு காரும் என் பக்கத்தில் நின்று, கண்ணாடியை இறக்கி, ரோஜாத் தோட்டம் எங்கே, நல்ல பிரியாணி எங்கே என்று கேட்டது. பின்னால் வரிசை வளைவு வரைக்கும் போய்விட்டது. நெரிசல் நம்பவே முடியாத அளவு என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது பாய் கடையிலிருந்து குரல் கொடுத்தார்:

"நீங்க நவுந்தீங்கன்னா சரியாப் போயிருமுங்க!"

அதிகாரி வந்தார்

ஒரே ஒரு ஞாயிறு சோதனை என்று அறிவித்துவிட்டார்கள். எல்லா வண்டியும் ஏரிக்கரையோடு நிறுத்தம். சரியாக நடந்தால் அதுவே நிரந்தரம். காலையில் காளியம்மாக்கா பஸ்ஸிலிருந்து இரண்டு பலாப்பழத்தோடு இறங்கி, அந்த மேட்டை அண்ணாந்து பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் எடுத்த போட்டோவால் வந்த வினைதானே! பழத்தை வாங்கித் தூக்கப் போனேன். அதற்குள் மேடம் மேலே வரச்சொல்லி போனில் கத்தினார்.

சற்று நேரத்தில் அதிகாரியின் கார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஏரிக்கரையிலேயே இறங்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு நடக்க ஆரம்பித்தாராம். பாதி மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த காளியம்மாக்காவுக்கு அவர் யார் என்று எப்படித் தெரியும்? நொம்பப் பிரியமாக, "சாமி, நீ எளவட்டம், இந்தச் சின்னத மட்டும் தூக்கிட்டு வா" என்று ஒன்றைத் தோளில் ஏற்றிவிட்டார். அவர் மறுப்பதற்குள் பழம் தோளில் இருந்தது.

ஒண்டிக்கடையில் மாலையோடு காத்திருந்த நாங்கள் கண்டது, பலாப்பழத்துக்கு அடியில் ஓர் அதிகாரி. சட்டை நனைந்து, முகம் சிவந்து, ஆளில்லாத பஸ் ஸ்டாப்பின் பெஞ்சில் பொத்தென்று விழுந்தார். பின்னாலேயே காளியம்மாக்கா ஒவ்வொரு அடியாக வந்து, உரிமையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் சோடா உடைத்துக் கொடுத்தார். மேடம் பேனாவோடு ஓடி, "சார், உங்க கருத்து?" என்று கேட்டார். அவர் சோடாவை முழுக்கக் குடித்தார், அக்காவைப் பார்த்தார், பலாப்பழத்தைப் பார்த்தார்:

"கீழ போறதுக்கு இங்கிருந்து பஸ் எப்பம்மா வரும்?"

ஸ்டாப் இன்றைக்கும் ஒண்டிக்கடையிலேயே இருக்கிறது. ஃப்ளெக்ஸும் ஸ்டிக்கரும் நானும் இல்லாமலே ஒரு பலாப்பழத்தில் வேலை முடிந்திருக்கும் என்பதை மட்டும் மேடத்திடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.