ஒரு வாய்க்குக் கொடுத்த சொல்

டாக்டரம்மா முதலில் தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்தார். அந்தச் சத்தம் என் மகளுக்கு ஆகவில்லை என்பதை, நாங்கள் உள்ளே நுழைந்ததுமே கண்டுகொண்டார். சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை மலையேறி வந்து, ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்தில் அவர் குழந்தைகளைப் பார்த்துவந்த அறை அது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். மகளுக்கு ஏழு வயது; பேச்சு வரவில்லை. எஸ்டேட்டில் காப்பிப்பழத் தோல் உரிக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். நெற்றிப் புண் ஆறுவதற்குள் மறுபடி உடையும். ஆட்டிசம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

"நான் செய்யறதை ஹிப்னாடிசம்னு சொல்வாங்க. இது அவளை மாத்தாதுங்க. பயம் வர்றப்ப மனசு போய் உக்கார ஒரு இடம் கொடுக்கும், அவ்வளவுதான்" என்றார். அவள் எங்கே அமைதியாக இருப்பாள் என்று என்னைக் கேட்டார்.

"இவரைக் கேக்காதீங்க டாக்டரம்மா. வாயத் தொறந்தா முத்து உதுந்துருமுங்க" என்றாள் என் மனைவி. "காப்பிக்கொட்டை காயற களத்துல உட்டா நொம்ப நேரம் உக்காந்திருப்பாளுங்க."

டாக்டரம்மாவின் குரலுக்கு மகள் திரும்பவில்லை. வீட்டு ஆள் குரலாக இருக்கட்டும் என்று, அந்தக் களத்தைப் பற்றி என்னைச் சொல்லச் சொன்னார். நாலு பேர் முன்னால் பேசக் கூசுபவன் நான். அவர் காட்டியபடி அவள் தலையில் கை வைத்து மெதுவாகச் சொன்னேன். "கண்ணு, களத்துல வெயில் அடிக்குது. கொட்டைக்குள்ள கைய உடு சாமி. மேல சூடு, அடியில குளுச்சி." பல வாரம் கழித்து ஒருநாள், மிஷின் ஓடும்போதே அவள் மூச்சு தணிந்தது. விரல்கள் வெறுங்காற்றில் கொட்டையை அளைந்தன.

"இதை அம்மாவும் பழகணும்" என்றார் டாக்டரம்மா. மனைவி சிரித்து மழுப்பினாள். எங்கள் பக்கம் தேள்கடிக்கு மந்திரிக்கிறவர், சொல்லை ஒரு வாய்க்குத்தான் கொடுப்பார். இன்னொரு வாய் சொன்னால் பலிக்காது. "பலிக்கறதை நான் கெடுக்க மாட்டேனுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் தொடங்கினாலே காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். டாக்டரம்மா மாற்றலாகிப் போன பிறகு அவளைப் பழகச் சொல்லவும் ஆளில்லை. மகள் என் தோளுயரம் வளர்ந்தாள். இத்தனை வருஷமும் என் குரல் அவளுக்குப் போதுமாக இருந்தது.

போன வருஷம் என் தொண்டையில் கட்டி என்று சேலத்தில் அறுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை.

இந்த அறுவடைக்கு மிஷின் ஓடியபோது மனைவி முதல் தடவையாக மகள் தலையில் கை வைத்தாள். என்றோ காதில் விழுந்ததை நினைவிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள். "மேல சூடு, கண்ணு. அடியில..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, அடியில என்னங்க?"

மகள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தாள். காதை என் வாயோடு ஒட்டவைத்தாள். நான் சொன்னேன். காற்று மட்டும் வந்தது. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.