கயிற்றுக்காரர்

கவரைப்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து தங்கியிருந்த அறைக்கு ஞாயிறு மதியங்களில் ஒருவர் விளையாட வருவார். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். தூக்கம் போதாத சிவந்த கண்கள், சாயம் போன கம்பெனி டி-ஷர்ட், காதோரம் நரை.

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதை சொல்வது நான். விளையாட்டுக்குப் புது விதிப் புத்தகம் வரும்போதெல்லாம் மற்றவர்கள் அதிலிருந்து புதுச் சக்தி எடுத்துக்கொண்டார்கள். முதலில் நெருப்பு வாள், பிறகு இறக்கை. அவர் மட்டும் முதல் நாள் எடுத்த, கயிறு வீசிச் சுவரேறும் கயிற்றுக்காரனாகவே இருந்தார். கதை எந்த இடத்துக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு, "அங்க இன்னா வாசனை வருது?" என்று கேட்பார். நானும் யோசித்து ஏதாவது சொல்வேன்.

ஒருநாள் கதையில் ஒரு கோட்டைச் சுவரை மேகம் வரை உயர்த்தினேன். அவர் கயிறு எட்டவில்லை.

"இன்னா நைனா, செவுரு ஏறிக்கினே போவுது?"

"எல்லாரும் பறக்குறாங்கண்ணா. சின்ன செவுருன்னா ஆட்டம் உடனே முடிஞ்சிடும். நீங்களும் றெக்கை எடுத்துக்கினா இன்னா?"

"நான் எடுத்தா நீ இன்னும் ஏத்துவ. கம்பெனிலயும் இதான்பா. புது வண்டி குடுத்தான், டார்கெட்டையும் ஏத்திட்டான். இங்க வந்தும் அதேவா?"

அதில் கோபமே இல்லை. சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோரும் பறந்து அந்தச் சுவரைத் தாண்டினார்கள். கோட்டைக்குள் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வருவதாக நான் யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த சுவர் எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டார்கள்.