கூரை மடங்கும் காருக்கு வந்தவர்கள்

பழைய கார் விற்கும் தொழிலில் தினமும் புதிதாக இருக்க வேண்டியது விற்பவரின் பொறுமை ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்கெனவே யாரோ ஓட்டியவை. புடவைக் கடையிலோ பாத்திரக் கடையிலோ நாள் முழுவதும் நின்று, ஒரே விவரத்தை வருகிற ஒவ்வொருவருக்கும் முதன்முறை சொல்வதுபோலச் சொல்லும் சகோதர சகோதரிகளுக்கு என் கால்வலியை விளக்க வேண்டியதில்லை.

அன்று காலை மணி பத்தே கால். சிறுமலை உச்சியில் மேகம் கட்டியிருந்தது; நத்தம் சாலையில் எங்கள் கடை வாசலிலோ வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மதுரைக்குப் போயிருந்த முதலாளி தொலைபேசியில் அழைத்தார். "அந்த ரெண்டு சீட்டு வண்டி இன்னைக்குப் போகலைன்னா, நாளைக்குக் காலையில கோயம்புத்தூர் வியாபாரிக்கு ஏத்தி விட்டுருங்க மேடம்" என்றார்.

அவர் சொன்ன வண்டி மாதுளை முத்தின் நிறத்தில் இருந்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. பட்டனை அழுத்தினால் துணிக்கூரை எழுந்து, மடிந்து, முதுகுப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பலர் வந்து அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். விலை கேட்டவர்கள் குறைவு.

மாப்பிள்ளைக்கு இடம்

நம் பக்கத்தில் கூரையில்லாத காரைப் பார்த்தால் யாருக்கும் வேகம் நினைவுக்கு வராது. மாப்பிள்ளை அழைப்புதான் நினைவுக்கு வரும். அன்றைய முதல் வாடிக்கையாளர் ஒட்டன்சத்திரத்துப் பழனிச்சாமி. கல்யாண ஊர்வலத்துக்கு வண்டிகளை அலங்கரித்து வாடகைக்கு விடுபவர். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "பின்சீட்டைக் கழட்டி எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இந்த வகை வண்டிக்குப் பின்சீட்டே கிடையாது என்றும், கூரை மடங்கிப் படுப்பதற்கும் டிக்கிக்கும்தான் பின்னால் இடம் என்றும் திறந்து காட்டி விளக்கினேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

பின்பக்கத்தில் ஒரு பலகை ஆசனம் பொருத்த முடியுமா என்று தச்சரிடம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். தச்சர் முடியும் என்றால் முன்பணத்தோடு வருவாராம். பலகை இல்லாமல் ஊர்வலம் நடத்த முடியாதா என்று நான் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஏனுங்க, முன்னால மாப்பிள்ளையும் டிரைவருமா ரெண்டே பேரு போனா, சனங்க யாருக்குங்க ஆரத்தி எடுப்பாங்க?"

மும்தாஜ் கேட்ட கேள்வி

பதினொரு மணியளவில் பேகம்பூரிலிருந்து சிக்கந்தர் பாயும் அவர் மனைவி மும்தாஜும் வந்தார்கள். அண்ணனும் தம்பியுமாகத் தோல் வியாபாரம் செய்யும் கூட்டுக் குடும்பம். சிக்கந்தர் பாய் என்ஜினைப் பார்க்கவில்லை. குனிந்து இருக்கையின் தோலை முகர்ந்து பார்த்தார், நகத்தால் மெல்ல அழுத்தினார், முகம் மலர்ந்தது. "எங்க வீட்ல எப்பவும் வேன் மாதிரி பெரிய வண்டிதான் மேடம். ஸ்போர்ட்ஸ் காருன்னு ஒண்ணை ஓட்டிப் பாத்ததே இல்லை. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, பையன் வேலைக்குப் போயிட்டான். இப்ப வாங்கலேன்னா அப்புறம் மூட்டு வலி வந்துரும்" என்றார்.

முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவரிடம் குறைகளை முதலில் சொல்வது என் வழக்கம். தரையோடு தரையாக இருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் வயிறு உரசாமல் ஏற்றப் பழக வேண்டும். நம் ஊர் வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது காலையிலும் மாலையிலும்தான் சுகம். கூரை மூடியிருந்தாலும் துணிதானே, லாரிச் சத்தம் உள்ளே வரும். கூரையை மடித்துவிட்டால் டிக்கியில் ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டே பேர்தான் போகலாம். பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரையும் காட்டினேன். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இரும்புக் கூரை, நான்கு இருக்கை. முதன்முதலாக வாங்குபவருக்கு அதுவே பொருத்தம் என்று என் கருத்தையும் சொன்னேன்.

மும்தாஜ் இருக்கைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "ஒரு ஆளு, ஒடுங்கி, செத்த நேரம் உக்காந்து வரலாமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "சின்னப் பிள்ளை?" முடியாது. "மடியில?" சட்டப்படி கூடாது என்றேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிச் சிக்கந்தர் பாய் பெருமூச்சு விட்டார். நானும் அப்படியே எண்ணினேன். மும்தாஜ் மட்டும் விடவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். எங்க வீட்டு ஆளுக மனசு வெச்சா எங்கயும் உக்காந்துருவாக."

சாணார்பட்டிச் சாலையில்

வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது கடை ஆள் ஒருவர் உடன் அமர வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டு இருக்கை வண்டியில் இந்த விதி என்ன செய்யும் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். மும்தாஜ் நிழலில் அமர்ந்திருக்க, அவருடைய கணவரின் பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். கூரையைத் திறந்து சாணார்பட்டி நோக்கிச் சென்றோம். முதல் ஸ்பீடு பிரேக்கரை நேராக ஏற்றி உரசினார். இரண்டாவதைச் சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒரு சக்கரமாக ஏற்றக் கற்றுக்கொண்டார். கூரைப் பட்டனை வண்டியை நிறுத்திவிட்டு அழுத்தச் சொன்னேன். ஒருமுறை மூடித் திறந்து பழகினார். காற்று என் கொண்டையைக் கலைத்தது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே ஓட்டினார்.

ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஆட்டுக்கூட்டம் குறுக்கிட்டதால் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே காய்கறிக் கூடைகளோடு அமர்ந்திருந்த பெண்கள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டது தவறாகப் போயிற்று. அவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், எங்களுக்குக் கேட்குமே என்ற கவலையே இல்லாமல், உரக்கச் சொன்னாள்:

"ஏன்டி, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இம்புட்டு வயசாயிருச்சே, இனிமேதான் கல்யாணமா?"

அண்ணன் அமர்ந்தார்

அந்தக் குடும்பத்தில் எதை வாங்கினாலும் அண்ணன் அமானுல்லா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பி அழைத்ததும் ஆட்டோவில் வந்து இறங்கினார். நல்ல ஆகிருதி. வண்டியைப் பார்த்ததும், "ஏலே சிக்கந்தர், இதுல குடும்பம் எங்கடா உக்காரும்?" என்றார். "அண்ணே, உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று தம்பி கெஞ்சினார். அவர் அமர்ந்தார். அமர்வது எளிது, பூமி இழுத்துக்கொள்ளும். எழுவதற்குத்தான் உபாயம் தெரிய வேண்டும். முதலில் இரண்டு காலையும் வெளியே ஊன்றி, பிறகு கதவுச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவர் மூன்று முறை முயன்றுவிட்டார்.

தம்பி ஒரு பக்கமும், வண்டிகளைத் துடைத்துப் பராமரிக்கும் எங்கள் அந்தோணி மறுபக்கமும் கை கொடுத்தார்கள். அமானுல்லா அந்த நிலையிலேயே, ஒரு பெரிய மனிதருக்குரிய கம்பீரம் குறையாமல், தீர்ப்பைச் சொல்லி முடித்தார்:

"வெள்ளை வண்டியவே முடிச்சிரு தம்பி, அதுக்கு முன்னாடி என்னைய வெளிய எடு."

மூன்றாவது வரிசை

சிக்கந்தர் பாய் "சரிண்ணே" என்றார். ஒரே சொல். ஆண்கள் இருவரும் வெள்ளைக் காரின் பின்சீட்டை அளந்து பார்க்கப் போனார்கள். விற்பனை எப்படியும் நடக்கப் போகிறது, மகிழ வேண்டியதுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது மும்தாஜ் என் அருகில் வந்து நின்றார். அவர் கண் மாதுளை நிற வண்டியை விட்டு அகலவில்லை. "இது இன்னும் எத்தனை நாள் இங்க நிக்கும் மேடம்?" என்று கேட்டார். நாளைக் காலையில் கோயம்புத்தூருக்கு ஏற்றிவிடுவோம் என்றேன். உங்களுக்குத்தான் இரண்டு இருக்கை பிடிக்கவில்லையே என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். கடைக்காரர்களின் அறியாமையைக் கண்டு வாடிக்கையாளர்கள் சிரிக்கும் அந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். "வேற யாரும் ஏற முடியாதுல்லன்னு உறுதிப்படுத்திக்கிட்டேன் மேடம்" என்றார். அவர்கள் வீட்டு வண்டியைக் கணவர் ஓட்ட, முன்னால் அவர் பக்கத்தில் அண்ணன் அமர்வாராம். நடுவில் அண்ணன் மனைவியான மைனியும் பிள்ளைகளும். இளைய மருமகளான இவருக்குக் கடைசி வரிசையில் மூட்டைகளோடு இடம். யாரும் கொடுமை செய்யவில்லை, அன்பான வீடு, ஆனால் இடம் அதுதான். குரலில் குறை எதுவும் இல்லை. வழி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, வண்டி ஏறுனா அவுக பிடரியத்தான் மேடம் பாத்துட்டு வாரேன்."

சாவி

விதிகளை மீறுவது என் இயல்பு அன்று. ஆனால் கடை ஆள் உடன் அமரும் அந்த விதி இருக்கும் வரை அந்த இருவரும் அந்த வண்டியைச் சேர்ந்து ஓட்டிப் பார்க்கவே முடியாது. நான் சிக்கந்தர் பாயை அழைத்தேன். வெள்ளை வண்டிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதில் உங்கள் மனைவியை ஒரு சுற்று அழைத்துப் போய் வாருங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். மும்தாஜ் ஏற்கெனவே கதவைத் திறந்து, இரண்டு காலையும் ஒழுங்காக உள்ளே வைத்து அமர்ந்திருந்தார்.

அவர்கள் போனார்கள்; வரவில்லை. நான்கு மணிக்குப் பழனிச்சாமி வந்துவிட்டார், பலகை ஆசனத்தின் படமும் முன்பணமுமாக. வண்டி எங்கே என்றார். சற்றுப் பொறுங்கள் என்றேன். அந்தோணி, "மேடம், அவுக கொடைக்கானலே போய்ச் சேர்ந்திருப்பாக. நாம கோயம்புத்தூருக்கு வண்டியோட போட்டோவத்தான் ஏத்தி விடணும்" என்றான். பெஞ்சில் அமர்ந்திருந்த அமானுல்லா யாரையும் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமலை மேகம் இறங்கி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். எப்படி அமைத்தாலும் அது ராஜினாமாக் கடிதமாகவே முடிந்தது.

அப்போது வண்டி வாசலில் திரும்பியது. கூரை திறந்தே இருந்தது. இருவரும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள். மும்தாஜ் முக்காட்டைப் பிழிந்துகொண்டே சிரித்தார். அமானுல்லா மழையில் இறங்கி ஓடிவந்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். "அடேய், தோல் பூராவும் ஊறிப் போச்சேடா! தோல் யாவாரிடா நீ! கூரைய மூடத் தெரியாதா?" என்றார். "தெரியும்ணே. இவ மூட விடலை" என்றார் தம்பி. அமானுல்லா தம்பி மனைவியைப் பார்த்தார். மும்தாஜ் அப்படிச் சிரித்து அவர் பார்த்தது அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன். அமானுல்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நனைச்ச தோலைத் திருப்பிக் குடுத்தோம்னு பேகம்பூர்ல பேரு வந்துறக் கூடாது. இதையே எழுதுங்கம்மா" என்றார்.

நான் பழனிச்சாமியிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் பலகைப் படத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் ஏற்கெனவே ஏறிட்டாங்க; இனி நான் யாரைங்க இறக்கி விடறது?"

மறுநாள் காலை

மறுநாள் காலை சிக்கந்தர் பாய் இருக்கைகளை உலர்ந்த துணியால் ஒற்றி, அவற்றின் மேல் துண்டு விரித்து, வண்டியை வெளியே எடுத்தார். மும்தாஜ் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து நிலக்கோட்டைச் சந்தைக்குப் போய், தேவைக்கு மேல் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அமானுல்லா குடும்ப வண்டியில் வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டார். பழனிச்சாமி, திறந்த ஜீப் ஏதாவது விலைக்கு வருமா என்று தொலைபேசியில் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்த லாரிக்காரருக்கு அந்தோணி டீ வாங்கிக் கொடுத்து, வெறும் லாரியோடு திருப்பி அனுப்பினான். நான் மாதுளை நிற வண்டி நின்ற இடத்தில் வெள்ளைக் காரை நிறுத்தச் செய்து, அதைப் பார்க்க வந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடம் நான்கு இருக்கையின் நன்மைகளைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அவருக்கு எத்தனை இருக்கை வேண்டும் என்று கேட்டேன்.

கார் விற்பது அப்படியொன்றும் கடினமான தொழில் இல்லை. வாடிக்கையாளர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிவதற்குள் பதில் சொல்லி முடித்துவிடாமல் இருந்தால் போதும், ஆனால் அதற்குத்தான் எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை.