அய்யனாருக்கு ஒரு மண் கார்

வசதியுள்ள அப்பாக்கள் மீசை முளைத்த பிள்ளைகளுக்குக் கார் வாங்கிக் கொடுக்கலாமா கூடாதா என்று இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த காரில் மூன்று வருஷம் ஊர் சுற்றியவன் நான். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போடுவதற்கு முந்தைய கதை.

திருச்சியில் பி.ஏ. படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். படித்தது உண்மை, பாஸானேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலமும் ஒரு ரைஸ் மில்லும் இருந்தன. மில்லில் போய் உட்காரச் சொன்னார் அப்பா. தவிட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாது என்றேன். அப்படியானால் வயலைப் பார் என்றார். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். எதுதான் ஒத்துக்கொள்ளும் என்று கேட்டார். கார் என்றேன்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தை ஏதாவது சட்டசபையில் நடத்தியிருந்தால் பேப்பரில் போட்டிருப்பார்கள். ஆத்தாவின் தம்பி, என் தாய்மாமன், எனக்கு எதிர்க்கட்சி.

"கழுத வயசாச்சு மச்சான் இவனுக்கு. சம்பாதிச்சு வாங்கட்டும். நீங்க வாங்கிக் குடுத்தா காரும் உருப்படாது, இவனும் உருப்பட மாட்டான்."

"குடுக்குறதுக்கு இருக்கு, குடுத்தா என்ன? ஒத்தப் புள்ள," என்றாள் ஆத்தா. நாங்கள் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா ஒரு பக்கமும் சேரவில்லை. அவரை என் பக்கம் இழுக்க நான் உண்ணாவிரதம் இருந்தேன். அந்தக் காலத்தில் அது நாட்டில் நல்ல மதிப்புள்ள காரியம். கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். கொல்லைப்புற ஜன்னல் வழியாக ஆத்தா காலையில் இட்லி, மத்தியானம் கறிக்குழம்பும் சோறும், சாயங்காலம் சீடை என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு சுற்று சதை போட்டிருந்தது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மறு மாதம் கார் வந்தது.

திருச்சியில் ஒரு டாக்டர் ஓட்டி ஓய்ந்த கார். கறுப்பு நிறம். முன்னால் இரும்புக் கம்பியைச் சொருகி ஒரு ஆள் சுற்றினால்தான் இஞ்சின் கண் விழிக்கும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அப்பா சொன்னார்: "இந்தா, ஒங்காரு. பாத்து ஓட்டு." அவ்வளவுதான். அவர் அதில் ஏறவில்லை. ஏறச் சொல்லி நானும் கேட்கவில்லை.

என் காராக அது இருக்க வேண்டும், அதை ஊரும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த ஆசையில் எனக்குத் தூக்கம்கூடக் கெட்டது. எங்கள் ஊரில் அப்பா 'பெரியவுக', நான் 'சின்னவுக'. வீடு பெரியவுக வீடு, மில் பெரியவுக மில், நாய்கூடப் பெரியவுக நாய்தான். கார் ஒன்றாவது சின்னவுக கார் ஆகட்டும் என்று தெருத்தெருவாக ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். ஜனங்கள் மாட்டைப் பிடித்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஒதுங்குங்கப்பா, பெரியவுக காரு வருது" என்றார்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். "பெரியவுக காருல கண்ணு வலிக்காரரு யாரோ போறாரு" என்றார்கள்.

அப்பா புதுக்கோட்டைக்கு எப்போதும் போல பஸ்ஸில்தான் போய்வந்தார். வீட்டில் கார் இருக்க பஸ் எதற்கு என்று கேட்டவர்களிடம், பஸ்தான் நேரத்துக்கு வருது என்று சொன்னாராம். அதைப் பஸ் கம்பெனிக்குக் கிடைத்த பாராட்டு என்றே நான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் மாசி மாதம், காலேஜ் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பாஸானவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு என் காரைக் காட்ட வேண்டும் என்பதற்காகச் சித்தன்னவாசல் ஓவியத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மெயின் ரோட்டில் திரும்பியதும் வேகம் எடுத்தேன். பஸ் நிற்கும் புளியமரத்துக்குக் கீழே யாரோ ஒருவர் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் செம்மண் புழுதி அப்படியே அவர் மேல் போய் விழுந்தது.

"டேய், ஒங்க அப்பா மாதிரி இருந்துச்சு," என்றான் ஒருவன்.

"இருக்காது," என்றேன்.

அவர்தான். காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முன் சீட்டை அவருக்குக் கொடுக்க வேண்டும், புதுக்கோட்டை வரை கையைக் கட்டிக்கொண்டு பேச வேண்டும், சிகரெட் பிடிக்க முடியாது. இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். பரீட்சையில் அந்த வேகம் இருந்திருந்தால் நானும் பாஸாகியிருப்பேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓவியத்தைப் பார்த்தோம். திரும்பி வரும்போது ஸ்டேரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினேன். கார் நேராக எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கியது. கோடைக்கு முன்னால் தண்ணீர் வற்றி முழங்கால் அளவு சேறுதான் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் சின்னவுக கண்மாய்க்குள் போயிட்டாக என்று வீட்டுக்குச் செய்தி போனபோது அதில் சேறு பற்றி யாரும் சொல்லவில்லை. ஆத்தா வாசலிலேயே விழுந்து கும்பிட்டு, "அய்யனாரே, எம்புள்ளய உசுரோட குடு, ஒனக்கு ஒரு காரு செஞ்சு வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அய்யனாருக்கு மண்ணால் குதிரை செய்து வைப்பதுதான் நேர்த்திக்கடன். கோயிலுக்குப் போகும் வழி நெடுக ஆள் உயரக் குதிரைகள் வரிசையாக நிற்கும். "குதிரன்னுதான் சொல்ல வந்தேன், பதட்டத்துல காருன்னு வந்துருச்சு" என்றாள் ஆத்தா. பூசாரியிடம் கேட்டார்கள். சாமியிடம் சொன்னதை மாற்றக் கூடாது, கார் என்றால் கார்தான் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கோயிலில் ஒரு மண் கார், அதை ஓட்டுகிறவனாக நான். இனிமேல் எவன் பெரியவுக கார் என்பான் என்று பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரை செய்வதற்கு முன்னால் பிடிமண் கொடுக்க வேண்டும். நேர்ந்துகொண்ட வீட்டு ஆண்பிள்ளை விடியற்காலையில் குளித்து, கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து, வெற்றிலை பாக்கோடு, மண் குதிரை செய்யும் வேளார் கையில் கொடுப்பார். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் அவர் செய்ய ஆரம்பிப்பார். நீயே போய்க் கொடு, உனக்காகத்தானே என்று ஆத்தா முதல் நாளே சொல்லியிருந்தாள். அதே கண்மாய், அதே சேறு. மறுநாள் நான் கண் விழித்தபோது மணி எட்டரை. அப்பா போய் மண் கொடுத்துவிட்டு வந்து, பலகாரம் சாப்பிட்டு, மில்லுக்கும் போய்விட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, என் உருவம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேளார் வீட்டுக்குப் போனேன். வேளாருக்கு என் வயதுதான். நாலாம் வகுப்பு வரை என்னோடு படித்தவர். கார் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு உருவாகியிருந்தது. ஹெட்லைட்டுகளுக்கு இமை வைத்திருந்தார். முன் சீட்டில் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகையும் பெரிய மீசையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி ஒருவன் சாய்ந்து கிடந்தான். ஜாடை அச்சு அசலாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

"என்னப்பா இது, ஸ்டேரிங்ல எங்க அப்பாவ வச்சிருக்க?"

"பிடிமண் குடுத்தது அவுகதானுங்களே. குடுத்தவுகளத்தான் முன்னால வைக்கணும். வழக்கம் அப்படிங்க."

"அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கார் என்னுது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இல்லை.

"மாத்திரலாங்க. மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்கு. சாமிக்குச் செய்யிறதுல பொய்யி வந்துரக் கூடாது, அதான் கேக்குறேன். ஒரு வார்த்த சொல்லிருங்க, காரு ஒங்களுதுதானுங்களே?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நொடியில் காருக்குப் பெட்ரோல் யார் போட்டது, டயர் யார் மாற்றியது, கண்மாயிலிருந்து காரை இழுக்க மாடு பிடித்தது யார் என்று வரிசையாக நினைவு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"நாளைக்கு வந்து சொல்றேன்," என்று கிளம்பினேன். போகவில்லை. கார் அப்படியே சூளைக்குப் போய்விட்டது.

செய்த குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப் போகும் புரவி எடுப்பு அன்று சாயங்காலம் வேளார் தெருவில் ஊரே கூடியிருந்தது. சுண்ணாம்பும் வர்ணமும் பூசிய குதிரைகளுக்கு நடுவில் எங்கள் கார். குதிரைகளுக்குக் கண் திறந்துவிட்டு, பூசாரி கொஞ்சம் யோசித்து, காருக்கு ஹெட்லைட்டுகளில் மை வைத்துத் திறந்தார். "அங்கிட்டுப் பாரு, பெரியவுக காரு ஓட்டுறாக" என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போது அப்பா வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார்.

அப்பா மண் காரில் இருந்த தன்னையே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"ஏம்ப்பா, ஸ்டேரிங்க இப்படித்தான் பிடிக்கணுமா?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மூன்று வருஷமாக அவருக்கு அந்த ஆசை இருந்திருக்கிறது. நான் அவரை ஒரு தடவைகூட முன் சீட்டில் உட்காரவைத்ததில்லை.

"சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க," என்றேன்.

குதிரைகளை மூங்கிலில் கட்டிக் கிளப்பினார்கள். காரைத் தூக்க நான்கு பேர் வந்திருந்தார்கள், எங்கள் மில் ஆட்கள். முன்னால் நின்றவரை விலக்கிவிட்டு நான் தோள் கொடுத்தேன். அதுவரை நான் தூக்கியதிலேயே கனமான பொருள் டென்னிஸ் மட்டை. கால் மைலுக்குள் சட்டை கிழிந்தது, புழுதியில் முகம் அடையாளம் தெரியாமல் போயிற்று. அப்பா பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"தோளு வலிக்குதா?"

"இல்லங்க."

கோயில் பொட்டலுக்குள் நுழையும்போது பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மில் ஆட்களில் ஒருவன் என்று நினைத்து என்னிடம் கேட்டார்.

"யாரு வீட்டுக் காருப்பா இது?"

"எங்க அப்பா காருங்க," என்றேன்.

"ஓட்டுறது அவுகளா? லட்சணமாத்தான் இருக்காக. பின்னால படுத்துக் கெடக்குறது யாரு?"

"அது நாந்தாங்க," என்றேன்.