ஒரே சிடிக்குள் இரண்டு தாய்மாமன்கள்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது மகாராணியின் ஸ்டூடியோ. இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். கணவர் ராம்பிரசாத் விசேஷ வீடுகளில் வீடியோ எடுப்பார். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடியில் எழுதித் தருவது மகாராணி.

“இவரு எடுத்துட்டு வர்றதுல பாதி, பந்தியில மெல்லுற வாயி. அதுல இருந்து மனுசங்களை நான்தான் தேடி எடுக்கணும்” என்பார், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

“அந்த வாயிக்காரங்கதான அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடுறாங்க” என்பார் ராம்பிரசாத்.

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிற காலத்தில் டிவிடி யாருக்கு என்று கேட்கலாம். மலைக்கு. மேலே பல ஏலக்காய் எஸ்டேட்டுகளில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஆனால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு கிளப் உண்டு, அதில் ஒரு பெரிய டிவியும் பழைய டிவிடி பிளேயரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது ஒரு வீட்டு விசேஷம் அங்கே ஓடும். எஸ்டேட்டே உட்கார்ந்து பார்க்கும். டிவிடி என்று யாரும் சொல்வதில்லை. எல்லாமே சிடிதான்.

கல்யாணத்துக்கு முன் மகாராணி ஓர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடுவார். விரலில் இருந்த ஏலக்காய் வாசம் கீபோர்டில் ஒட்டிக்கொண்டது என்று வகுப்பில் கேலி செய்வார்களாம். “நல்லதுதான, எலி வராது” என்று பதில் சொன்னதாக இப்போதும் சிரிக்கிறார்.

போன வருஷம் அவருக்கு ஒரு சோதனை வந்தது. கொண்டுவந்தவர் சந்திரவல்லி. பூப்பாறைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர். மகள் கார்த்திகாவுக்குக் காது குத்தினார்கள். தேவாரத்திலிருந்து சந்திரவல்லியின் அண்ணன்கள் இருவரும் தாய்மாமன் சீர் கொண்டுவந்தார்கள். பெரியவர் ஒச்சப்பன், சின்னவர் பாண்டியராஜ். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு யானை. ஒச்சப்பன் தன் தோட்டத்துக்குள் வந்த யானையை வெடி போட்டு விரட்டினார். அது நேராகத் தம்பியின் மக்காச்சோளத்துக்குள் போய் நிம்மதியாகச் சாப்பிட்டது. அன்று முறிந்தது உறவு.

யார் சீர் முதலில் வந்தாலும் மற்றவருக்குக் குறை. அதனால் சந்திரவல்லி, பெரியவரை மேல் லைனிலிருந்தும் சின்னவரைக் கீழ் ரோட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கொட்டுமேளத்தோடு வரவைத்தார். மேலே ராம்பிரசாத்தும் கீழே அவர் கூட்டிப்போன பையனும் ஆளுக்கொரு கேமராவில் எடுத்தார்கள். கோயில் வாசலில் இரண்டு கூட்டமும் சேர்ந்தன. சீர் இறங்கியது, காது குத்தியாயிற்று. மாமன்கள் பிள்ளையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்பினார்கள்.

“ஞாயித்துக்கெழமை கிளப்புல போடப் போறோம்க்கா. ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். ஒரே எடத்துல ஒக்காந்து பார்த்தா மனசு எளகும்ல?” என்றார் சந்திரவல்லி. “ஆனா ஒரே சிடியா இருக்கணும். ரெண்டுன்னா, ஒருத்தர் சீரு மொதச் சிடியில, இன்னொருத்தருது ரெண்டாவதுல வரும். பின்னால வர்றவரு துண்டை ஒதறிட்டுப் போயிருவாரு. முன்னால வந்தவரும் தன்னுது முடிஞ்சதும் எந்திரிச்சிருவாரு.”

“அதுக்கென்ன, ஒண்ணாவே போட்டுருவோம்” என்றார் மகாராணி, யோசிக்காமல்.

வேலையை முடித்து, டிவிடியில் அப்படியே எழுதக்கூடிய ஒரே கோப்பாக, இமேஜாக, மாற்றிப் பார்த்தால் ஏழு ஜிபியைத் தாண்டி நின்றது. ஒரு டிவிடியில் நாலரைகூட முழுசாய்க் கொள்ளாது. எழுதச் சொன்னதும் கம்ப்யூட்டர், இடமில்லை என்று துப்பிவிட்டது.

அமுக்கிப் பார்த்தார். கோப்பு சின்னதானது. கூடவே ஒச்சப்பனின் மீசை கட்டம் கட்டமாக உடைந்து, பாண்டியராஜின் சட்டையில் பூ எது கறை எது என்று தெரியாமல் போனது. “சாக்குல காயைத் திணிச்சா இப்படித்தான் வெடிக்கும்” என்று அதை அழித்தார். இரட்டை அடுக்கு டிஸ்க் ஒன்று இருந்தது, கொள்ளும். ஆனால் கிளப் பிளேயர் அந்த வகையை விழுங்காது என்று முன்பே பட்டிருக்கிறார். அதில் பென் டிரைவ் செருக ஓட்டையும் கிடையாது.

“இமேஜை ரெண்டா நறுக்கிரலாமா?” என்றார் ராம்பிரசாத்.

“நறுக்கி அனுப்பி ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா? துண்டு ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சேர்த்தாத்தான் படம் ஓடும். பிளேயருக்கு அது, பஸ்சை ஒரு ஊருலயும் சக்கரத்தை இன்னொரு ஊருலயும் எறக்கின மாதிரி.”

“அப்ப பந்தியைக் குறை.”

“யாரைக் குறைக்க? எஸ்டேட்டே சாப்பிட்டிருக்கு. விட்டுப்போனவன் ஜீப்பு ஏறி வந்து கேப்பான்.”

மறுநாள் சந்திரவல்லியின் எஸ்டேட்டுக்கு ஓடும் ஜீப்பின் டிரைவர் கன்னையன் சிடி வாங்க வந்து வாசலில் நின்றார். “வெரசாக் குடு தாயி, லோடு காத்திருக்கு.” கையில் பாதி குடித்த டீ. முன்தினம் பார்த்த சினிமாவைத் திட்டிக்கொண்டிருந்தார். “கரெக்டா சண்டை ஆரம்பிக்கிறப்ப இடைவேளை விட்டுட்டான். எந்திரிக்கவும் மனசு வரலை, டீ வாங்காமலே ஒக்காந்திருந்தேன்.”

மகாராணி நாற்காலியைத் திருப்பினார். “நாளைக்கு வாங்கண்ணே. படத்தைத் திரும்ப வெட்டணும்.”

அண்ணனின் ஊர்வலம் முழுசாக, பிறகு தம்பியின் ஊர்வலம் முழுசாக என்று இருந்ததைப் பிரித்துப் பின்னினார். மேலே ஒச்சப்பன் நாலு எட்டு, கீழே பாண்டியராஜ் நாலு எட்டு. அவர் தலையில் தாம்பாளம், இவர் தலையில் தாம்பாளம். இருவரும் பாதி வழியில் நிற்கும்போது திரையை இரண்டாகப் பிளந்து, இருவரையும் அப்படியே உறையவைத்து, ‘இடைவேளை’ என்று எழுதினார். அதோடு முதல் சிடி முடிந்தது. சேர்வதும் காது குத்துவதும் பந்தியும் இரண்டாவதில். இரண்டையும் தனித்தனி இமேஜாக்கி, தாராளமாக இடம் விட்டு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சிடிகளோடு அவரே ஜீப்பில் ஏறினார். இரண்டு உறைகளைப் பார்த்ததும் சந்திரவல்லிக்கு முகம் செத்துப்போனது. “ஒண்ணுன்னுதான சொன்னீங்க?”

“ஒண்ணுக்குள்ள கொள்ளலை, ஆத்தா. நீ போடு. யாராச்சும் எந்திரிச்சா எங்கிட்டச் சொல்லு.”

கிளப்பில் ஒச்சப்பன் சன்னலோரம். பாண்டியராஜ் எதிர்ச் சுவர். நடுவில் எஸ்டேட். படம் ஓடியது. பிள்ளைக்கு மொட்டை போட்டபோது சிரித்தார்கள். கொட்டு தொடங்கியதும் குழந்தைகள் எழுந்து ஆடின. மேலே ஒச்சப்பன், கீழே பாண்டியராஜ், மேலே, கீழே. திரை பிளந்தது. இடைவேளை.

“ஏய்! சேரட்டும், சேரட்டும்!” என்று கூச்சல். டீ வந்தது, முறுக்கு வந்தது. சந்திரவல்லி இரண்டாவது சிடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன்களையே பார்த்தார். ஒருவரும் எழவில்லை. திரையில் இருவரும் தாம்பாளத்தோடு நின்றுகொண்டே இருந்தார்கள்.

ஒச்சப்பன்தான் முதலில் பொறுமை இழந்தார். “அடுத்ததைப் போடும்மா சந்திரா. எந்தம்பி எம்புட்டு நேரமா ரோட்டுல நிக்கிறான்!”

எதிர்ச் சுவரிலிருந்து குரல் வந்தது.

“நீங்களும்தான்ணே சுமையோட நிக்கிறீங்க. கழுத்து ஒடிஞ்சிராம.”

“எனக்கென்னடா. பின்னால யானை வருதான்னு நீ பார்த்துக்க.”

“வந்தா நீங்கதான விரட்டி விட்டிருப்பீங்க!”

கிளப் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. சந்திரவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிடியைத் தலைகீழாகச் செருக, பிளேயர் முனகியது. “ஏத்தா, திருப்பிப் போடு” என்று மகாராணி கத்த வேண்டியிருந்தது.

திரையில் கோயில் வாசலில் இரண்டு கூட்டமும் சேர்ந்தபோது பாண்டியராஜ் சன்னலோரம் வந்துவிட்டிருந்தார். முறுக்குத் தட்டு அண்ணன் மடியில் இருந்ததால் என்று யாரோ சொன்னார்கள்.